மல்லிகை மணமும் காயம்பட்ட இலையும்

ஓர் இலையைப் புழு அரிக்கின்றது. அது விலங்காயின் ஓடியிருக்கும். அல்லது திரும்பிக் கடித்திருக்கும். ஒன்றும் இயலாதெனின் ஓலமாவது இட்டிருக்கும். செடியோ நின்ற இடத்திலேயே நிற்கின்றது. அதற்குக் கால் இல்லை, நரம்பு இல்லை, மூளை இல்லை. ஆகவே தனக்கு நேர்ந்த தீங்கைச் செடி அறியாது என்றே மனிதர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணம் பிழையானது என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. இலை காயமுற்ற சில நிமிடங்களுக்குள் அதன் கலங்களில் ஒரு கொழுப்பமிலம் உருமாறத் தொடங்குகின்றது. அதிலிருந்து பிறக்கும் சிறு பொருளொன்று, கலத்தின் கருவினுள் அடங்கிக் கிடக்கும் பரம்பரையலகுகளை எழுப்பிவிடுகின்றது. எழுந்த அலகுகளின் ஏவலால், புழுவின் வயிற்றைக் கெடுக்கும் புரதங்களைச் செடி ஆக்கிக்கொள்கின்றது. இவ்வுண்மை ஒருவரால் ஒரே நாளிற் கண்டறியப்பட்டதன்று. நறுமணத் தைலத்தை ஆராய்ந்தோர், பூஞ்சணத்தை ஆராய்ந்தோர், வண்டரித்த இலையை ஆராய்ந்தோர் ஆகிய பலரும் ஒரே பொருளின் வெவ்வேறு பக்கங்களைத் தனித்தனியே கண்டனர். தாம் கண்டது ஒன்றேயென்பதை உணர அவர்களுக்கு மூன்று தசாப்தங்கள் சென்றன. அவ்வரலாறு அறிந்துகொள்ளத்தக்கது.

வரலாற்றுக்குள் நுழையுமுன் பரம்பரையலகு பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். பெற்றோரின் சாயலைப் பிள்ளைக்குக் கொண்டு செல்வது மட்டும் பரம்பரையலகின் தொழிலன்று. கலம் ஆக்கவேண்டிய ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய செய்முறை அதிலேதான் எழுதப்பட்டுள்ளது. ஒரு செடியின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்திலும் எல்லா அலகுகளும் உள. ஆயினும் அவை யாவும் எந்நேரமும் தொழிற்படுவதில்லை. ஒரு நூல்நிலையத்தில் ஆயிரம் நூல்கள் அடுக்கப்பட்டிருந்தாலும், வேண்டிய வேளையில் வேண்டிய நூலே எடுத்து வாசிக்கப்படுகின்றது அன்றோ? கலத்திலும் அவ்வாறே. எந்த நூலை எப்போது எடுப்பது, அதனை எடுக்கச் சொல்லும் ஆணை எங்கிருந்து வருகின்றது என்பதே வினா.

காயமுற்ற செடியில் ஏதோ ஓர் ஆணை பிறக்கின்றது என்ற ஐயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. ஜெர்மனியில் ஆய்வு நடத்திய கொட்லிப் ஹாபர்லான்ற் என்னும் தாவரவியலாளர், வெட்டுண்ட இழையத்தின் ஓரத்திலுள்ள கலங்கள் பிரிந்து பெருகிக் காயத்தை மூடுவதைக் கண்டார். வெட்டிய பரப்பை நீரினாற் கழுவிவிட்டால் அப்பெருக்கம் குன்றியது. நசுக்கிய இழையத்தைப் பூசினால் மீண்டும் பெருக்கம் உண்டாயிற்று. ஆகவே சிதைந்த கலங்களிலிருந்து ஒரு பொருள் வெளிப்படுகின்றது என அவர் முடிவு செய்து, அதற்குக் ‘காய ஓமோன்’ எனப் பெயரிட்டார். 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவனத்தில் இங்கிலிஷ், பொனர், ஹாகன்-ஸ்மிற் என்னும் மூவர் அவரைக் காயிலிருந்து அத்தகைய பொருளொன்றைத் தனிப்படுத்தினர். ‘துரோமற்றிக் அமிலம்’ எனப் பெயர்பெற்ற அது பன்னிரண்டு காபன் அணுக்கள் கொண்ட கொழுப்பமிலவகைப் பொருள். கொழுப்பமிலத்துக்கும் காயத்துக்கும் தொடர்புண்டு என்பதற்கு முதற் சான்று இவ்வாறு கிடைத்தது. ஆயினும் அக்காலத்தில் அச்சான்றைப் பற்றிக்கொண்டு மேலே செல்லும் வழி தெளிவாகவில்லை.

அடுத்த துப்பு எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிச்சிப் பூவிலிருந்து எடுக்கப்படும் தைலம் ஐரோப்பிய நறுமணத் தொழிலில் பெருவிலை பெற்ற பண்டம். அதன் தனி மணத்துக்குக் காரணமான பொருள் யாது எனத் தேடிய டெமோல், லெடரர், மேர்சியே என்னும் ஆய்வாளர்கள், 1962ஆம் ஆண்டில் ஒரு புதிய பொருளைத் தனிப்படுத்தி அதன் அமைப்பையும் வெளியிட்டனர். மல்லிகையினத்தின் பெயரையே அடியாகக் கொண்டு அதற்கு ‘மெதைல் ஜாஸ்மோனேற்’ என்று பெயரிட்டனர். பூவின் வாசனை ஒன்றே அவர்கள் நாடியது. அப்பொருளாற் செடிக்கு யாது பயன் என்ற வினா அன்று எழவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1971இல், கொக்கோ முதலிய வெப்பவலயப் பயிர்களைப் பீடிக்கும் பூஞ்சணமொன்றை வளர்த்து அதன் கழிவுப் பொருள்களை ஆராய்ந்த பிரித்தானிய இரசாயனவியலாளர், அதில் ஓர் அமிலத்தைக் கண்டனர். அதுவே ஜாஸ்மோனிக் அமிலம். பிச்சிப் பூவில் மணந்த பொருளின் நேர் உறவு. ஆயின் அது இங்கே மணத்துக்காகக் கவனிக்கப்படவில்லை. செடியின் வளர்ச்சியைத் தடுப்பது என்பதற்காகவே கவனிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளரான உவேதாவும் கத்தோவும், மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து இலைகளை விரைவில் மஞ்சளாக்கி முதுமையெய்தச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவும் மெதைல் ஜாஸ்மோனேற்றே. அடுத்த ஆண்டில் கிழக்கு ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் முற்றாத அவரையினக் காய்களிலும் ஜாஸ்மோனிக் அமிலத்தைக் கண்டனர். இவ்வாறு ஒரே பொருள் ஓரிடத்தில் வாசனையாகவும், ஓரிடத்தில் வளர்ச்சித் தடையாகவும், ஓரிடத்தில் முதுமைக் காரணியாகவும் அறியப்பட்டது. இவற்றுள் எதுவும் அதன் தலையாய தொழிலன்று.

அத்தலையாய தொழிலை வெளிப்படுத்திய ஆய்வு, முற்றிலும் வேறான திசையில் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் றயன் என்பவர் உருளைக்கிழங்கின் புரதங்களை ஆராய்ந்துவந்தார். அவற்றுட் சில, விலங்குகளின் குடலிற் புரதத்தைச் சமிக்கச் செய்யும் நொதியங்களைத் தடுத்து நிறுத்துவன. இத்தகைய புரதம் செடிக்கு எதற்கு? 1972ஆம் ஆண்டில் அவரும் அவருடைய மாணவர் கிறீனும் விடையொன்றை வெளியிட்டனர். உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் இலைகளைக் கொலராடோ வண்டு கடித்தபோது அத்தடைப் புரதங்கள் சில மணி நேரத்தில் விரைந்து பெருகின. வியப்புக்குரியது யாதெனின், கடிபட்ட இலையில் மாத்திரமன்றிக் கடிபடாத தூரத்து இலைகளிலும் அவை பெருகின என்பதே. உண்ட வண்டுக்கு உணவு சமிக்காது. செடி தன்னை உண்பாரின் வயிற்றிலே போர் தொடுக்கின்றது.

இதன்பின் றயனின் உள்ளத்தை ஆட்கொண்ட வினா ஒன்றே: ஓர் இலை பட்ட காயத்தை மற்றோர் இலை எவ்வாறு அறிகின்றது? பதினெட்டு ஆண்டுகள் அவ்வினாவுக்கு முழுமையான விடை கிடைக்கவில்லை.

இதற்கிடையில் வட டக்கோட்டா மாநிலத்தின் பார்கோ நகரிலுள்ள அரசாங்க ஆய்வுக்கூடமொன்றில் விக், சிமர்மன் என்னும் இருவர் வேறொரு கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தனர். இலைகளின் மென்சவ்வுகளில் லினோலெனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் மிகுதியாக உண்டு. அது பதினெட்டுக் காபன் அணுக்கள் கொண்டது. அதன்மீது ஒரு நொதியம் ஒட்சிசனை ஏற்றுகின்றது. வேறு இரு நொதியங்கள் அதனை வளைத்து ஐங்கோண வளையமொன்றை ஆக்குகின்றன. பின்னர் அதன் வால் மும்முறை குறுக்கப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் இரண்டு காபன் அணுக்கள் நீங்குகின்றன. பதினெட்டில் ஆறு போகப் பன்னிரண்டு காபன் அணுக்களுடன் எஞ்சுவது ஜாஸ்மோனிக் அமிலம். இப்பாதையை அவ்விருவரும் 1983இலும் 1984இலும் வெளியிட்டனர். பழைய துரோமற்றிக் அமிலமும் இதே கொழுப்பமிலங்களின் மற்றொரு கிளைவழியிற் பிறப்பதென்பதை, சிமர்மன் கூட்ரன் என்பவருடன் சேர்ந்து 1979இலேயே காட்டியிருந்தார். அடி மரம் ஒன்று, கிளைகள் பல.

1990ஆம் ஆண்டில் இவ்விரு ஓடைகளும் ஒன்று கலந்தன. றயனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்வேட் பாமர், தக்காளிச் செடிகளுடன் மெதைல் ஜாஸ்மோனேற்றின் ஆவியை மூடிய பாண்டத்தில் வைத்தார். இலைகளை எவரும் தீண்டவில்லை. எந்தப் புழுவும் கடிக்கவில்லை. ஆயினும் காயமுற்றாற்போன்று தடைப் புரதங்கள் இலைகளில் நிறைந்தன. அமெரிக்காவின் வறண்ட மேற்குச் சமவெளிகளில் இயற்கையாக வளரும் ‘சேஜ்’ என்னும் புதர் இம்மணப் பொருளைத் தன் இலைகளிலே கொண்டது. அப்புதரின் கிளையைத் தக்காளியுடன் மூடி வைத்தபோதும் அதே விளைவு கண்டது. நறுமணத் தைலத்திற் கண்ட பொருளே செடிகளின் அபாய அறிவிப்பு என்பது அன்றே புலனாயிற்று.

பாமரும் றயனும் அத்துடன் நிற்கவில்லை. லினோலெனிக் அமிலத்தையும், ஜாஸ்மோனிக் அமிலமாகும் வழியில் அது பெறும் இடைநிலை வடிவங்களையும் இலைகளிற் பூசி, அவையும் அதே புரதங்களை எழுப்புவதை 1992இல் நிறுவினர். தடைப் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகளே இப்பொருளினால் விழிப்படைகின்றன என்பதையும் காட்டினர். கொழுப்பமிலத்திலிருந்து பரம்பரையலகு வரை ஒரு சங்கிலி இவ்வாறு கோக்கப்பட்டது.

இங்கே மனித உடலோடு ஓர் ஒப்புமை உண்டு. மனிதரின் கலங்களிலும் மென்சவ்விலிருந்து விடுபடும் இருபது காபன் கொழுப்பமிலமொன்று ஒட்சிசன் ஏற்று வளையமாகிப் புறஸ்ராகிளாண்டின் என்னும் பொருள்களைத் தருகின்றது. காயத்திலும் காய்ச்சலிலும் நோவையும் வீக்கத்தையும் உண்டாக்குவதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றைப் பற்றிய ஆய்வுக்காகப் பேர்க்ஸ்ரோம், சாமுவெல்சன், வேன் ஆகிய மூவர் 1982ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். அஸ்பிரின் மாத்திரை நோவைத் தணிப்பது, புறஸ்ராகிளாண்டின் ஆக்கத்தைத் தடுப்பதனாலேயே என்று நிறுவியவர் வேன். 1988ஆம் ஆண்டில் டொஹேர்ட்டி, செல்வேந்திரன், பவுல்ஸ் என்னும் மூவர் அதே அஸ்பிரின் தக்காளிச் செடியின் காயத்துக்கான மறுமொழியையும் அடக்கிவிடுவதாக அறிவித்தனர். காயத்தை அறிவிக்கும் பணியைக் கொழுப்பமிலத்திடம் ஒப்படைத்திருப்பதில், நடமாடும் உயிரும் நிலைத்துநிற்கும் உயிரும் ஒத்தே இருக்கின்றன.

செடிக்கு இவ்வறிவிப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு ஐயமறக் காட்டிற்று. அரபிடொப்சிஸ் என்பது ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் கடுகினச் சிறுசெடி. அதில் லினோலெனிக் அமிலத்தை ஆக்க இயலாத விகாரச் செடிகளை ஜோன் பிறவுசும் அவர்தம் குழுவினரும் பெற்றிருந்தனர். பார்வைக்கு அவை மற்றச் செடிகளைப் போலவே வளர்ந்தன. ஆயின், அழுகிய பொருள்களை உண்டு வாழும் சிறு ஈயினமொன்றின் புழுக்கள் அவற்றைத் தாக்கியபோது நூற்றுக்கு 80 அளவிற் செடிகள் மாண்டன. பக்கத்திலே நின்ற சாதாரணச் செடிகளுக்குப் பெருந்தீங்கு நேரவில்லை. விகாரச் செடிகளுக்கு வெளியிலிருந்து மெதைல் ஜாஸ்மோனேற் அளித்தபோது மரணம் நூற்றுக்கு 12 அளவாகக் குறைந்தது. ஒரு கொழுப்பமிலம் இல்லாமற் போனமையால் சாமானியப் புழுவும் செடிக்குக் கூற்றுவனாயிற்று. அதற்கு முன்னரே, 1996இல், இவ்விகாரச் செடிகளில் வளமான மகரந்தம் உண்டாவதில்லை என்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். தன்னைக் காப்பதற்கும் தன் இனத்தைப் பெருக்குவதற்கும் செடி ஒரே பொருளை நம்பியுள்ளது.

இனி எஞ்சியது ஒரு வினா. இப்பொருள் பரம்பரையலகை எவ்வாறு எழுப்புகின்றது? விடைக்கு வழிகாட்டியது ஒரு நச்சுப் பற்றீரியா. இலைகளைத் தாக்கும் ஒருவகைப் பற்றீரியா கொறொனற்றின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றது. அந்நஞ்சு அமைப்பிலும் விளைவிலும் ஜாஸ்மோனேற்றை ஒத்தது. இங்கிலாந்தின் நோரிச் நகரில் ஜோன் ரேணரும் அவர் குழுவினரும் அரபிடொப்சிஸ் விதைகளை அந்நஞ்சிலே முளைக்கச் செய்தனர். பெரும்பாலான நாற்றுகள் குன்றின. மிகச் சில மாத்திரம் செழித்தன. செழித்தவை ஜாஸ்மோனேற்றையும் பொருட்படுத்தவில்லை என 1994இல் அவர்கள் அறிவித்தனர். அந்நாற்றுகளில் குறைபட்டிருந்த பரம்பரையலகுக்குக் ‘கொய்’ என்று பெயரிட்டனர். 1998இல் அந்த அலகு தனிப்படுத்தப்பட்டது. அது ஆக்கும் புரதம், கலத்தில் அகற்றப்பட வேண்டிய பிற புரதங்களைத் தெரிந்து அழிவுக்கு அனுப்பும் தொழிலுடைய இனத்தைச் சேர்ந்தது.

இது விசித்திரமாகத் தோன்றிற்று. அழிவுக்கு அனுப்பும் புரதம் இல்லாத செடியில் ஏன் காப்பு அலகுகள் விழிப்பதில்லை? எதை அழித்தால் அவை விழிக்கும்? 2007ஆம் ஆண்டில் ஸ்பானியாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உழைத்த குழுவினர் ஒரே காலத்தில் விடை கண்டனர். ‘ஜாஸ்’ எனப்படும் தடைப் புரதக் குடும்பமொன்று செடியில் உண்டு. காப்பு அலகுகளை எழுப்பவல்ல ‘மிக்’ என்னும் புரதம் எப்போதும் ஆயத்தமாகவே இருக்கின்றது. அமைதிக் காலத்தில் ஜாஸ் புரதங்கள் அதனைப் பற்றிப் பிடித்துச் செயலற்றதாக வைத்திருக்கின்றன. காயம் நேர்ந்ததும் ஜாஸ்மோனிக் அமிலம் பெருகி, ஐசோலியூசின் என்னும் அமினோவமிலத்துடன் இணைகின்றது. இவ்விணைப்பைச் செய்யும் நொதியத்தை நெப்ராஸ்காவில் ஸ்ராஸ்விக் என்பவர் முன்னரே கண்டிருந்தார். இணைந்த அப்பொருள் கொய் புரதத்துக்கும் ஜாஸ் புரதத்துக்கும் இடையே பசைபோல் அமர்ந்து இரண்டையும் ஒட்டுகின்றது. ஒட்டப்பட்ட ஜாஸ் அழிவுக்கு அனுப்பப்படுகின்றது. கட்டவிழ்ந்த மிக் புரதம் காப்பு அலகுகளை எழுப்பிவிடுகின்றது. 2010ஆம் ஆண்டில் இவ்வொட்டின் உருவமே பளிங்காய்வினால் அணுவணுவாகக் காணப்பட்டது.

ஆகவே கொழுப்பமிலத்தின் ஆணை, ‘எழு’ என்னும் ஆணையன்று. ‘தடுப்பதை நீக்கு’ என்னும் ஆணை. இதன் பொருத்தம் சிந்திக்கத்தக்கது. பகை வந்தபின் படை திரட்டப் புகின் காலம் போதாது. படை எப்போதும் நிற்க, அதனைத் தடுத்து வைத்திருக்கும் கட்டை மட்டும் அவிழ்ப்பது விரைவானது. அன்றியும், விழித்தெழுந்த அலகுகளுள் ஜாஸ் புரதங்களுக்குரிய அலகுகளும் அடங்குகின்றன. எனவே போர் தொடங்கும்போதே அதை முடிக்கும் ஏற்பாடும் கூடவே தொடங்குகின்றது.

முடிக்கத்தான் வேண்டுமா? காப்பை நிரந்தரமாகவே விழித்திருக்கச் செய்தால் பூச்சித் தொல்லையே இராதன்றோ எனப் பயிர்செய்வோர் கேட்பது இயல்பு. 2018ஆம் ஆண்டில் கிறெக் ஹோவும் அவருடன் உழைத்தோரும் பத்து ஜாஸ் அலகுகளை இழந்த அரபிடொப்சிஸ் செடியை உருவாக்கி இவ்வினாவுக்கு விடையளித்தனர். அச்செடி பூச்சிகளை நன்கு எதிர்த்தது. ஆனால் அதன் வளர்ச்சி குன்றிற்று. விதை விளைவும் குறைந்தது. ஓயாத போர் செடியின் களஞ்சியத்தை வெறுமையாக்கிவிடுகின்றது. தடையும் காப்பைப் போலவே உயிருக்கு இன்றியமையாதது.

இத்திறவுகோலைப் பகைவர் களவாடுதலும் உண்டு. முன்னர்க் கூறிய பற்றீரியா, ஜாஸ்மோனேற்றைப் போன்ற நஞ்சைச் சுரப்பது அதனாலேயே. பற்றீரியாவை எதிர்க்கச் செடி கையாளும் வழி வேறு. பூச்சி வந்துவிட்டதெனப் பொய்யாக அறிவித்து, செடியின் கவனத்தைத் திருப்பி, இலைத் துவாரங்களையும் திறக்கச் செய்து பற்றீரியா உள்ளே புகுந்துவிடுகின்றது.

ஓர் இலையின் காயம் மற்றோர் இலைக்கு எட்டும் விதத்தைப் பற்றிய றயனின் பழைய வினாவுக்கும் படிப்படியாக விடை கிடைத்துவருகின்றது. 1991இல் அவருடைய குழுவினரே பதினெட்டு அமினோவமிலங்கள் கொண்ட ஒரு சிறு தூதுப் பொருளைத் தக்காளியிற் கண்டனர். பின்னர், 2013இல், சுவிற்சலாந்தின் லோசான் நகரில் பாமரும் அவர் குழுவினரும் இலையிலிருந்து இலைக்கு மின்னலை போன்ற குறிப்பொன்று ஓடுவதையும், அது சென்று சேர்ந்த இடத்தில் ஜாஸ்மோனேற் ஆக்கம் தூண்டப்படுவதையும் காட்டினர். நரம்பில்லாத உயிரிலும் செய்தி செல்லும் வழி உண்டு.

இந்நாட்டினருக்கு நெருங்கிய பயிரொன்றும் இவ்வரலாற்றில் இடம் பெறுகின்றது. இறப்பர் மரத்தின் பால் ஓடுவது பட்டையிலுள்ள பாற்குழாய்களில். ஜாஸ்மோனிக் அமிலத்தையும் லினோலெனிக் அமிலத்தையும் இளந்தண்டில் இட்டபோது புதிய பாற்குழாய்கள் தோன்றுவதைச் சீன ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் அறிவித்தனர். பால் வெட்டுவோனின் கத்தி பட்ட மரம் பால் சுரப்பதும், புழு கடித்த தக்காளி புரதம் ஆக்குவதும் ஒரே பழைய மொழியின் இரு சொற்களாகலாம்.

1962இல் ஒரு பூவின் வாசனையாக அறியப்பட்டது, 1990இல் காயத்தின் செய்தியாக அறியப்பட்டது. 2007இல் பரம்பரையலகின் கட்டை அவிழ்க்கும் கையாக அறியப்பட்டது. பொருள் மாறவில்லை, அதனிடம் கேட்கப்பட்ட வினாவே மாறிற்று. நறுமணம் தேடியவர்க்கு நறுமணம் கிடைத்தது. நஞ்சு தேடியவர்க்கு வளர்ச்சித் தடை கிடைத்தது. கடிபட்ட ஓர் இலையின் முன் நின்று, ‘இதனை மற்ற இலை எவ்வாறு அறிந்தது?’ என்று கேட்டவருக்கே அதன் முழுப்பொருளும் புலப்படத் தொடங்கியது.